தன்மைப் பன்மை

தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் எழுந்து போக வேண்டிவரும், எழுந்து போவதென்றால் இத்தனை பேர் பார்க்க, பட்டுத்துணி போர்த்திய நாற்காலிகளை எல்லாம் தாண்டி, மரப்படி கிரீச்சிட இறங்க வேண்டும். அதற்கு நாக்கு வறண்டு கிடப்பதே மேல். ஆனால் வறண்ட நாக்கை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது. சிறப்பு விருந்தினர் சிதம்பரம் தாண்டிவிட்டார் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார், அதற்கு முன்னால் வந்த இன்னொருவரும் இதையேதான் சொன்னார். அவர் சிதம்பரத்தைத் தாண்டிக்கொண்டே இருக்கிறார், கடல் அவரை எதிர்பார்க்காமல் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றம் உச்சிக்கு வந்து நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் கப்பலை இறக்கியாக வேண்டும், விட்டால் அடுத்த அமாவாசை ஏற்றம் வரை அது தரையிலேயே நிற்க வேண்டியதுதான். நிற்கிறது, என் முதுகுக்குப் பின்னால். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, மேடை முழுவதும் அதன் நிழலில்தான் இருக்கிறது, மாசி வெயிலில் இவ்வளவு பெரிய குளுமை வேறு எதிலிருந்தும் வராது. தூர்வாரும் கப்பல். "மண்ணு அள்ளப் போற கப்பலுக்கு இம்மாம் பெரிய மாலையா, கல்யாணப் பொண்ணு கெட்டா" என்று பெயின்ட் செக்‌ஷன் அம்சவல்லி அக்கா காலையில் சொன்னாள், சொல்லிவிட்டு மாலை கோணலாகத் தொங்குகிறதென்று அவளே ஆள் வைத்து ஏணி போட்டுச் சரிசெய்தாள். பக்கத்து நாற்காலியில் ஹெஸ்லப் சார் முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கப்பல்கட்டும் யார்டுக்குத் தலைமை ஆலோசகர், இங்கிலாந்துக்காரர், எழுபதைத் தாண்டியவர், இந்தக் கப்பல் இறங்கியதும் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறவர். அவர் எழுந்து இங்கிலீஷில் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்துவார், நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை ஒன்றரை வருஷத்துக்கு முன்பு வேலைக்கு எடுத்தார்கள், அதைத்தான் தினமும் செய்கிறேன், வெல்டிங் ஷெட்டில், கிரேன் அடியில், டீக்கடை வரைக்கும். இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை, ஒரே ஒரு சொல்லைத் தவிர. வி.

இங்கிலீஷில் வி என்பது ஒரு மூச்சு, உதடு குவித்து விட்டால் முடிந்தது. தமிழில் அதற்கு இரண்டு வாசல். நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே, நாங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. எட்டாம் வகுப்பில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, அங்கேயே விட்டுவிட்டு வந்தது. எம்.ஏ. இங்கிலீஷ் படித்த இரண்டு வருஷமும் யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை. நேற்று மாலை அம்சவல்லி அக்கா ஞாபகப்படுத்தினாள். ஷெட்டில் எல்லாரையும் கூட்டி நிறுத்தி ஹெஸ்லப் சார் நாளைக்கு யார் எங்கே நிற்க வேண்டும், யார் எந்த ஆப்பை அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார், நான் சொல்லச் சொல்ல ஆப்பு என்ற வார்த்தை வரும்போதெல்லாம் பின்வரிசை சிரித்தது. "யாருக்கும்மா ஆப்பு, எங்களுக்கா அவங்களுக்கா?" என்று ஒரு குரல். கப்பலுக்கு அண்ணே, என்றேன், எனக்கே ஆச்சரியம், பதில் சொல்லிவிட்டேன், சிரித்தார்கள், என் முகம் சூடாகிவிட்டது, அந்தச் சூட்டில்தான் கவனம் தப்பியது. கடைசியாக அவர், வி ஹாவ் பில்ட் எ குட் ஷிப், என்றார். நான், "நாங்கள் ஒரு நல்ல கப்பலைக் கட்டியிருக்கிறோம்" என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் வந்தது, அவர் மேசைக்கு அந்தப் பக்கம், அவர்கள் இந்தப் பக்கம், நான் அவர் பக்கத்தில். சிரிப்பு நின்றுபோனது. அம்சவல்லி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க கட்னீங்களா? அப்ப நாங்க இன்னா தெலகம், ஒன்னர வருசமா வேடிக்க பாத்தமா?" யாரோ கைதட்டினார்கள். தப்பு நடந்த இடம் எனக்கு அப்போதே தெரிந்தது, ஆனால் திருத்தாமல் தலையைக் குனிந்துகொண்டேன். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கான்ட்ராக்ட் ஆட்கள், இன்றைய சாப்பாட்டுப் பந்தலுக்கு அழைப்பில்லாதவர்கள், அந்தக் கோபம் ஏற்கெனவே உள்ளே புகைந்துகொண்டிருந்தது, நான் போய் ஊதிவிட்டேன். ஹெஸ்லப் சார் என்னைப் பார்த்தார், என்ன ஆச்சு என்று. ஜோக் சார், என்றேன். ஜோக் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும், இத்தனை வருஷம் ஆட்களுக்கு முன்னால் நின்றவருக்கு அமைதியில் எத்தனை வகை உண்டென்று தெரியாதா.

வலது கோடியில் பத்ரிநாராயணன் சார் உட்கார்ந்திருக்கிறார், மனிதவள மேலாளர், சட்டைப்பையில் மூன்று பேனா, என்னையே பார்க்கிறார். பார்க்கட்டும். பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். காலையில் கூப்பிட்டு அனுப்பினார். நேற்று நடந்தது அவர் காதுக்குப் போய்விட்டது, மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், அவரோ பாராட்டுகிறார். "நீங்க சொன்னதுதான் திலகவதி கரெக்ட். நாங்கள். அதையே மெயின்டெய்ன் பண்ணுங்க." எனக்குப் புரியவில்லை. "மேடையில, மைக்கில, வீடியோ ஓடும்போது, கம்பெனி சார்பா ஒருத்தர் நாம் கட்டினோம்னு சொன்னா என்ன அர்த்தம்? நாளைக்கே கான்ட்ராக்ட் ஆளுங்க நாங்களும் கம்பெனி ஆளுங்கதான், உங்க வாயாலயே சொன்னீங்கன்னு கோர்ட்டுக்குப் போவாங்க. ஒரு வார்த்தைதாம்மா, ஆனா வார்த்தைதானே எல்லாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க வேலையை நிரந்தரம் பண்ற பேப்பர் என் டேபிள்லதான் இருக்கு, இந்த ஃபங்ஷன் முடியட்டும்னு வச்சிருக்கேன்." மிரட்டுகிற மாதிரியே இல்லை, சாக்லேட் கொடுக்கிற மாதிரி சொன்னார். நான் சரி சார் என்றேன். எப்போதும் சரி சார் என்றுதான் சொல்வேன். இந்த வேலை போனால் புவனகிரியில் அம்மா ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாது. சாமான் வாங்குவதற்கு அல்ல, அது எப்படியும் வாங்குவாள், பெருமை பேசுவதற்கு. "எங்க திலகம் கப்பல் கட்டுது" என்று சொல்கிறாளாம். நான் கட்டலம்மா, பேசுறேன், என்றால், "பேசாம எதக் கட்ட முடியும், போடி" என்கிறாள். கல்லூரியில் பெயர் கூப்பிட்டால் என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது, இரண்டு முறை ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள் நான் உட்கார்ந்திருக்கும்போதே. அந்தக் குரல் இங்கே கிரைண்டர் சத்தத்தைத் தாண்டிப் போகிறது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எந்தப் பற்றவைப்பை வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும், எல்லாம் என் வாய் வழியாகத்தான் இறங்கியது. இந்தக் கப்பலில் என் குரல் படாத தகடு ஒன்றுகூட இல்லை. யாரிடமும் சொன்னதில்லை இதை. இப்போது எனக்குள் சொல்லிக்கொள்ளும்போதே கழுத்து நிமிர்கிறது.

ஹெஸ்லப் என்ற பெயர் யார்டில் யார் வாயிலும் நிற்கவில்லை, முதலில் எசலப்பு, பிறகு எசலப்பன், அவர் கத்துகிற கத்தலைப் பார்த்து ஏசலப்பன். அவருக்குத் தெரியும், அர்த்தம் கேட்டார், திட்டுகளுக்கெல்லாம் தகப்பன் என்றேன், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்படியென்றால் ஹெல்மெட்டில் எழுதித் தா என்றார். முதல் வாரம் என்னைப் பெட், பெட் என்று கூப்பிட்டார், வளர்ப்பு நாயா நான் என்று வீட்டுக்குப் போய் அழுதேன், பிறகுதான் தெரிந்தது அவர் ஊரில் கடைக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நம் ஊர் கண்ணு மாதிரி. இங்கிலாந்தின் வடகிழக்கு, வியர் ஆறு, ஆற்றங்கரை வரை இறங்குகிற தெரு. பிறந்ததிலிருந்து தெரு முனையில் ஒரு இரும்புச் சுவரைத்தான் பார்த்தாராம், ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தால் சுவரைக் காணோம், அங்கே வானம். கப்பல் இறங்கிவிட்டது. வானத்தைப் பார்த்துப் பயந்து அம்மாவிடம் ஓடினேன் என்றார். பதினாறு வயதில் அதே யார்டில் வரைபட அறையில் பயிற்சிக்குச் சேர்ந்து, மேலாளராகி, நாற்பது வயதில் இயக்குநர். அந்தத் தெருவிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள். அவருடைய அண்ணன் ஸ்டான் அதே யார்டில் தகடு வளைக்கிறவர், தம்பி கார் வரும்போது தொப்பியைத் தொட்டுக் கேலியாகச் சலாம் வைப்பாராம், வீட்டில் வந்து தம்பியின் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாராம். அந்தத் தெருவும் அண்ணனும் நேற்று இரவுவரை எனக்குத் தெரியாது. பத்ரி சார் கொடுத்த வாழ்க்கைக்குறிப்பில் இல்லை. அதில், பல்வேறு உயர்பொறுப்புகளை வகித்தபின் கொரியா சென்றார் என்று ஒரு வரி இருக்கிறது, அந்த வரிக்குள் ஒரு யார்டே செத்துக் கிடக்கிறது. நேற்று ஷெட் கலைந்தபின் என்னைப் பஸ் நிறுத்தத்தில் விட காரில் ஏற்றிக்கொண்டார், நான் தைரியத்தை எல்லாம் கூட்டிக் கேட்டேன். சார், நீங்கள் வி என்று சொல்லும்போது அதில் யார் யார் இருக்கிறார்கள்? தமிழில் இரண்டு சொல் இருக்கிறது, எனக்குத் தெரிய வேண்டும். இரண்டையும் விளக்கினேன், உள்ளே, வெளியே என்று கையால் காட்டினேன். உப்பளம் கடந்தது, பாலம் கடந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இதைக் கேட்ட இரண்டாவது ஆள் நீ, பெட்" என்றார். யார்டை மூடுவதென்று லண்டனில் முடிவாகி, அதைக் கேன்டீனில் மேசைமேல் ஏறி நின்று படித்துச் சொன்னவர் அவர். வி ஹாவ் டிசைடட் டு குளோஸ் தி யார்ட். கூட்டத்துக்குள்ளிருந்து ஸ்டான், அவருடைய சொந்த அண்ணன், ஹூஸ் வி, டெரிக்? என்று கேட்டாராம். யாரைச் சொல்கிறாய். அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த வரியைப் படித்தேன் என்றார். ஸ்டான் அதன்பிறகு அவரோடு பேசவில்லை, சாகும்வரை. சாரி சார் என்றேன், பஸ் வந்துவிட்டது. என் கேள்விக்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. அப்படியானால் பதில் என்னிடம் விடப்பட்டிருக்கிறதா, அல்லது அவரிடமே இல்லையா.

சைரன். வந்துவிட்டார். எல்லாரும் எழுகிறார்கள், நானும் எழுகிறேன், சால்வைகள், பூச்செண்டுகள், தமிழ்த்தாய் வாழ்த்துக்கு யாரோ தவறான பொத்தானை அழுத்திச் சினிமாப் பாட்டு இரண்டு வரி ஓடி நிற்கிறது, சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஹெஸ்லப் சார் கடலைப் பார்க்கிறார். சுருக்கமாக, சுருக்கமாக, என்று பத்ரி சார் விரல்களைக் குவித்துக் காட்டுகிறார், எனக்கு மட்டும் உதட்டை அசைத்துக் காட்டுகிறார், நாங்-கள். மைக் முன்னால் நிற்கிறோம், அவர் தோளுக்குத்தான் நான் வருகிறேன். கீழே முன்வரிசையில் கோட்டும் புடவையும், நடுவில் நிரந்தர ஊழியர்கள் நீலச்சட்டை, அதற்கும் பின்னால் கயிறு கட்டி, கயிற்றுக்கு அப்பால் மஞ்சள் ஹெல்மெட்டுகள், பக்கவாட்டில் வளைந்து கப்பலின் அடிவரைக்கும், சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. என் பெயர் டெரிக் ஹெஸ்லப், நீங்கள் வேறு பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும், என்கிறார். சொல்கிறேன். கயிற்றுக்கு அப்பால் சிரிப்பு வெடிக்கிறது, நல்ல சிரிப்பு. இது அவர் கையிலுள்ள பேச்சுத் தாளில் இல்லாத வாக்கியம். அடுத்ததும் இல்லை. நான் கட்டிய கப்பல்களைப் பற்றி இந்தத் தாள் சொல்கிறது, நான் நடத்திய யார்டை மூடியதைப் பற்றிச் சொல்லவில்லை, என்கிறார். என் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்கிறேன், யாரோ சொல்வது போல. வி குளோஸ்ட் இட், என்கிறார். நாக்கு தானாகப் போகிறது, தேடவே இல்லை, "நாங்கள் அதை மூடினோம்." கேன்டீனில் நின்ற யார் மூடினார்கள், ஸ்டானா மூடினார். கயிற்றுக்கு அப்பால் ஒரு தலைகூட அசையவில்லை, அவர்களுக்குப் புரிந்துவிட்டது, அவர் சொன்னது அவருக்கே புரிந்ததைவிட நன்றாக. இன்று எனக்கு அந்த நாளைவிடப் பெரிய நாள், என்கிறார். சொல்கிறேன். பிறகு நிறுத்துகிறார். தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, பின்னால் நிற்கும் மஞ்சளைப் பார்க்கிறார். வி பில்ட் திஸ் ஷிப்.

என் முறை. எல்லாரும் காத்திருக்கிறார்கள், கடல்கூட. பத்ரி சாரின் முகம் ஓரக்கண்ணில் ஒரு வெள்ளைத் தட்டுப் போல் தெரிகிறது, அவர் மேசை, மேசைமேல் என் பேப்பர், அம்மா ரேஷன் கடையில், பழையபடி நான் முன்பு வேலை பார்த்த புவனகிரி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், யாருக்கும் கேட்காத குரலோடு, நாங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, இலக்கணப்படி தப்பே இல்லை, யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவர் சொன்னதும் அதுவாகவே இருக்கலாம், இருக்கலாம்தான், ஆனால் அவர் எங்கே பார்த்துக்கொண்டு சொன்னார், பார்வையை யார் மொழிபெயர்ப்பது, அதற்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்களா, அம்சவல்லி அக்கா குனிந்து நுழைந்து கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே படுத்துப் பெயின்ட் அடித்தாள், சொட்டு சொட்டாக முகத்தில் விழும், சிவப்பு, கழுவப் போகமாட்டாள், காய்ந்துவிட்டால் இழுக்கும் தெலகம் சிரிக்க முடியாது என்பாள், அவள் கட்டவில்லையா, பேசாமல் எதைக் கட்ட முடியும் என்கிற அம்மாவின் கணக்கில் நானும் கட்டவில்லையா, வாசல் ஒன்றுதான் திறக்கும், உள்ளே யார் என்று நான்தான் சொல்ல வேண்டும், வாய் திறந்துவிட்டது. "இந்தக் கப்பலை நாம் கட்டினோம்." என்ன இவ்வளவு சின்னதாக வந்தது. காற்று கொண்டுபோய்விட்டது. முன்வரிசை கைதட்டத் தொடங்குகிறது, எதற்கென்று தெரியாமல். பின்னாலிருந்து, "இன்னாம்மா? கேக்கல! சத்தமாச் சொல்லு தெலகம்!" அவள்தான். சொல்லியாகிவிட்டது, திரும்பச் சொல்ல வேண்டாம், யாருக்கும் சரியாகக் கேட்காமலே போகட்டும், பத்ரி சாருக்கும் சந்தேகத்தோடு முடிந்துபோகும். மைக்கை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். "நாம கட்னோம்க்கா!" ஸ்பீக்கர் கீச்சிடுகிறது. அவர் சொல்லாத ஒரு அக்காவைச் சேர்த்துவிட்டேன். சம்மட்டிகள் முதலில் ஒன்று, பிறகு எல்லாம், கட்டைகள்மேல் விழுகின்றன, கைதட்டல் அது, இரும்புக் கையால் தட்டுகிறார்கள், மேடைப் பலகை என் செருப்பின் கீழ் அதிர்கிறது. ஹெஸ்லப் சார் என் பக்கம் சாய்கிறார். மூடியதற்குச் சொன்ன சொல்லும் இதுவும் ஒன்றில்லை, என்கிறார். இல்லை சார், என்கிறேன். அவர் தலையை ஒருமுறை ஆட்டுகிறார், மேல் கேள்வி இல்லை, கண்ணைத் துடைக்கிறாரா, வியர்வையா, தெரியவில்லை, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சிறப்பு விருந்தினர் தேங்காய் உடைக்கிறார், பொத்தானை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, ஒரு நொடி, இன்னொரு நொடி, எல்லார் முகத்திலும் ஒரே பயம், பிறகு நிழல் நகர்கிறது. முதலில் நிழல்தான் நகர்கிறது, என் கைமேல் வெயில் விழுகிறது, அதன்பிறகுதான் சத்தம் வருகிறது, மரம் முனகி, சறுக்குப் பாதையில் பூசிய கொழுப்பு புகைந்து, வேகத்தைப் பிடிக்கக் கட்டியிருந்த சங்கிலிகள் ஒவ்வொன்றாக மண்ணைக் கிழித்துக்கொண்டு ஓடுகிற சத்தம். போகிறது. என் குரல் பட்ட தகடுகள் எல்லாம் போகின்றன. அந்தச் சத்தத்துக்குள் யாரோ என் முழங்கையைத் தொடுகிறார்கள், பத்ரி சார், முகம் வெளுத்து, காதருகே குனிந்து, "யாரு அப்படிச் சொல்லச் சொன்னா? அவரா சொல்லச் சொன்னாரு?" என்கிறார். பழியை ஹெஸ்லப் சார்மேல் போட்டுவிடலாம். பத்ரி சாரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஆமாம் சார், அவர்தான், நாளைக்கு விமானம் ஏறப் போகிறவர்மேல் என்ன நடவடிக்கை எடுக்க முடியும், எல்லாருக்கும் சௌகரியம். ஒன்றரை வருஷமாக இந்த யார்டில் என் வாயிலிருந்து வந்த நான் என்ற சொல் எல்லாம் அவருடையதுதானே, நான் வரைந்தேன், நான் வேண்டாம் என்றேன், நான் நாளை வருவேன், எதுவும் என்னைக் குறித்ததில்லை, இன்னொன்றும் அவருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கப்பலின் பின்புறம் தண்ணீரில் இறங்குகிறது, அலை இரண்டு பக்கமும் எழுந்து நிற்கிறது, மஞ்சள் ஹெல்மெட்டுகள் வானத்தில் பறக்கின்றன. "நான்தான் சார்" என்கிறேன். "என்னது? கேக்கல!" என்று காதைக் குவிக்கிறார். சங்கிலிச் சத்தம் பெரிதாகிக்கொண்டே போகிறது, அதைவிடப் பெரிதாகக் கத்தினால்தான் கேட்கும். கத்துகிறேன். "நான்!"